புதைந்ததைத் தோண்டாமல் படமாக்குவது எப்படி: வன்னிக்குக் கமராவோடு வரும் புதியவர்களுக்கு

கலை, நினைவு, மண்ணுக்குள் போனவை என்று ஒரு பரிசோதனைப் படம் எடுக்க வன்னிக்கு வருகிறவர்கள் வரவரக் கூடுகிறார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள், ரியூசனுக்குப் போய்க்கொண்டே போனில் குறும்படம் எடுக்கிற கிளிநொச்சிப் பெடியள், விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள். பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டு போவது ஒரே படம்தான்: நந்திக்கடலுக்கு மேலே ட்ரோன், துருப்பிடித்த சைக்கிள், செல் பட்ட சுவர், பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழல். அந்தப் படம் ஏற்கெனவே போதுமான அளவு எடுபட்டுவிட்டது. வேறு மாதிரி எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கமரா தேவையில்லை, காசும் அதிகம் தேவையில்லை. நேரம் நிறையத் தேவை.

பரிசோதனைப் படம் என்றவுடன் ஒருவருக்கும் விளங்காத படம் என்று பயப்பட வேண்டாம். வன்னியில் அந்த வடிவம் தானாகவே வந்து சேரும். கதை சொல்கிறவர் முகம் காட்ட மாட்டார். வீட்டில் ஒரு போட்டோவும் மிஞ்சியிருக்காது. சம்பவம் நடந்த இடத்தில் இப்போது தென்னம்பிள்ளை நிற்கும். இப்படி இல்லாமற்போனதை எதைக்கொண்டு காட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினால் நீங்கள் பரிசோதனைக்குள் வந்துவிட்டீர்கள். கம்போடிய இயக்குநர் ரித்தி பானுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. பொல்பொற் காலத்தில் தன் குடும்பம் அழிந்ததைக் காட்ட அவரிடம் படங்கள் இருக்கவில்லை. 2013இல் வந்த தன் படத்தில் களிமண் பொம்மைகளைச் செய்து வைத்து அந்தக் கதையைச் சொன்னார். அவரைப் பார்த்து நீங்களும் பொம்மை செய்யத் தேவையில்லை. உங்கள் கதையில் எது இல்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரு பொருளில் தொடங்குங்கள்

‘வன்னியின் நினைவுகள்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு வந்தால் படம் அந்தத் தலைப்போடேயே நின்றுவிடும். ஒரு பொருளைப் பிடியுங்கள். கடைசி யுத்தத்தில் சனம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஒவ்வோர் இடமாக எழும்பி, 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனது. அந்தப் பாதை நெடுகச் சாமான்களைப் புதைத்துவிட்டுத்தான் போனது. ட்ரக்ரரில் ஏற்ற இடமில்லாதது, தூக்கிக்கொண்டு ஓட முடியாதது, ‘ரெண்டு கிழமையில வந்து எடுப்பம்’ என்று நம்பினது. தையல் மெசினின் தலை, பித்தளைக் குடம், பிஸ்கட் ரின்னுக்குள் காணி உறுதி, யூரியாப் பையில் சுற்றிய கலியாண அல்பம். மீள்குடியேறி வந்தபோது சிலருக்கு வைத்தது வைத்தபடி கிடைத்தது. சிலருக்குக் குழிதான் கிடைத்தது. சிலருடைய காணிக்குள் போகவே பல வருடம் விடவில்லை.

என்னைக் கேட்டால், முதற் படம் எடுக்கிறவருக்கு இந்த அல்பங்களைவிட நல்ல பொருள் கிடையாது. ஏனென்றால் மண் அவற்றில் தன் வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஸ்ரூடியோவில் கழுவிய கலர்ப் போட்டோவில் மூன்று நிறப் படைகள் ஜெலற்றினுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். மேலே நீலப்பச்சை, நடுவில் மெஜென்ரா, அடியில் மஞ்சள். ஈரமும் கிருமியும் மேலிருந்துதான் தின்னத் தொடங்கும். நீலப்பச்சை முதலில் போக, அந்த இடம் சிவந்து செம்மஞ்சளாகும். நடுப்படையும் போனால் மஞ்சள் மட்டும் நிற்கும். அதுவும் போனால் வெறும் வெள்ளைத் தாள். பெரும்பாலும் ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வரும். அதனால் கூட்டமாக நின்று எடுத்த போட்டோவில் ஓரத்தில் நின்ற மாமாவும் சின்னப் பிள்ளைகளும் முதலில் கரைந்து போவார்கள். மணவறைப் பூவேலை மஞ்சள் புகையாய் நிற்கும். தாலி கட்டுகிற கையும் பொம்பிளையின் காதுத் தோடும் மட்டும் பழைய நிறத்தில் தப்பியிருக்கும். யார் எந்த இடத்தில் நின்றார் என்று வீட்டுக்காரர் விரல் வைத்துச் சொல்வார். அந்த விரல் போதும், உங்கள் முதற் காட்சி கிடைத்துவிட்டது.

அல்பத்தைக் கையாள்வதில் கவனம் வேண்டும். பிளாஸ்ரிக் உறையோடு ஒட்டிப்போன போட்டோவை உரிக்கக் கூடாது. உரித்தால் முகம் உறையோடு போய்விடும். உறைக்கு மேலாகவே எடுங்கள். முற்றத்து வேம்பு நிழலில் கறுப்புத் துணி விரித்து, பளபளப்பு விழாதபடி அல்பத்தைச் சற்றுச் சரித்துவைத்து, பிளாஷ் போடாமல் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த பக்கத்தைத் துடைக்க வேண்டாம். ‘ஸ்கான் பண்ணிக்கொண்டு வந்து தாறன்’ என்று அல்பத்தை வீட்டைவிட்டு வெளியே கொண்டு போகவும் வேண்டாம். ஒருமுறை தோண்டி எடுத்ததை இரண்டாம் தரம் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அந்த மனிசி எப்படி நித்திரை கொள்வது?

மண்வெட்டி தொடாதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். ‘புதைத்த இடத்தைத் தோண்டுவது போல ஒரு ஷொட்’ என்ற யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். முதற்காரணம் வெடிபொருள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையும் சிவப்புத் தலை வைத்த கட்டைகளும் நிற்கிற பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஆடு மாடு போகிற பாதையை விட்டு இறங்காதீர்கள். இரும்புத் துண்டு எதையாவது கண்டால் காலால் தட்டிப் பார்க்காமல், கிட்டப் போகாமல், விதானையாருக்கோ 119க்கோ சொல்லுங்கள். இரண்டாவது சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம்.

மூன்றாவது காரணம் இவை இரண்டையும்விடப் பெரியது. 2023 யூன் முடிவில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. அப்படியான ஓரிடத்தில் ஒரு துண்டுத் துணி, ஒரு பொத்தான், அது எந்த ஆழத்தில் கிடந்தது என்பது எல்லாமே சாட்சி. தற்செயலாக எலும்பு கண்ணில் பட்டால் நகர்த்தாதீர்கள், குளோசப் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணியோடு கதைத்து, நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

எலும்பைக் காட்டிவிட்டு அதற்குமேல் நீங்களாக வருடம் எழுதவும் கூடாது. மன்னாரில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டிய இடத்தில் 2018இல் அகழ்வு தொடங்கி, 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போன மாதிரிகள் சில நூறு ஆண்டு பழையவை என்று 2019இல் முடிவு வந்தது. காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரு வரியில் எழுதிக் கடந்து போகிற விசயம் அல்ல அது. முதற் படத்தில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

இடத்தை எப்படிப் பார்ப்பது

கமராவை வெளியே எடுக்க முதல் ஓரிடத்தையே பலதரம் சும்மா போய்ப் பாருங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகிற ஏ34 வீதியும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போகிற ஏ35 வீதியும் முல்லைத்தீவில்தான் முடிகின்றன. இரண்டிலும் பஸ்ஸில் ஒருமுறை போய் வந்தாலே யார் எதை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று கண்ணில் படத் தொடங்கும்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் ஒரு நடுகல் இருக்கிறது. 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல். வென்றவர்கள் தங்கள் வெற்றிக்கு நட்டது. ஆனால் இன்றைக்கு அங்கே போகிறவர்கள் தோற்றவனை நினைத்துத்தான் போகிறார்கள். டிறிபேர்க் யாரென்று ஒருவருக்கும் அக்கறை இல்லை. கிளிநொச்சி நகரத்தில் செல் குத்தி வெடித்த கொங்கிறீற் சதுரத்தின் மேல் தாமரை பூத்திருக்கிறது. அதுவும் வென்றவர் நட்டதுதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வசனமும் சொல்லாமல் ஒரு படம் வந்துவிடும். கல்லின் பொருள் காலத்தோடு மாறிவிட்டது என்று குரல் கொடுத்து விளங்கப்படுத்தப் போனால் அது பேச்சுப்போட்டியாகிவிடும்.

மன்னார்ப் பக்கம் போகிறவர்களுக்கு அரிப்பில் பிரித்தானியக் கவர்னர் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் மிச்சம் இருக்கிறது. கடல் கரையை அரித்து அரித்துக் கட்டடத்தைத் துண்டு துண்டாக இறக்கிக்கொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய எழுப்பிய வீடு அது. கிட்டப் போய் நிற்க வேண்டாம், பாறை இடியும்.

யுத்தத்துக்கு முந்திய கலையையும் தேடுங்கள். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிற மரபு உண்டு. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடலின் ஓரத்திலேயே இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் வருகிறது. ஒரே கடல்நீரேரியின் ஒரு கரையில் கஞ்சி, இன்னொரு கரையில் பொங்கல். இதைக் கண்டுகொள்ளாமல் ட்ரோன் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். (ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். இங்கே அது இல்லாமல் பறக்கவிட்டால் பொலிஸ் நிலையத்தில்தான் இறங்கும்.) கோயிலுக்குள் எடுக்க நிர்வாகத்தைக் கேளுங்கள். மே 18 நினைவு நாளுக்குப் போனால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு அங்கே நிற்கிறவர்கள் உங்கள் படத்துக்காக நிற்கவில்லை.

ஆட்களோடு கதைப்பது

தெரிந்த ஒருவர் கூட்டிக்கொண்டு போகாமல் படலையைத் தட்டாதீர்கள். முதல் நாள் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அம்மா, ஐயா, அக்கா, அண்ணை என்று கூப்பிட்டால் போதும்; ‘மேடம்’ வேண்டாம், என்.ஜி.ஓ வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு படிவக் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வன்னிச் சனம் இந்தக் கதையை ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சனம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய, காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரின் போராட்டத்தில் எத்தனை கமரா வந்து போயிருக்கும்! ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் எல்லாருக்கும் சொன்ன அதே விடைதான் வரும்.

வேறு வழி இருக்கிறது. ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, அதை ஒரு கலைப்படைப்பாகவே 2011இல் வெளியிட்டார். அந்த முறையைப் படத்துக்குள் கொண்டு வரலாம். ஒரு பெரிய தாள், பென்சில், அழிறப்பர். போனைக் கதிரையிலோ தடியிலோ கட்டி நேர்மேலிருந்து தாளைப் பார்க்க வையுங்கள். முகம் வராது, கை மட்டும் வரும். பிறகு இப்படிக் கேளுங்கள்: ‘அம்மா, படலையால உள்ளுக்கு வந்தா முதல் என்ன தெரியும்?’

கை தயங்கித் தயங்கிக் கிணற்றில் தொடங்கும். அநேகமாக எல்லாரும் கிணற்றில்தான் தொடங்குகிறார்கள். அடுப்படி, வேம்பு, மாட்டுக்கொட்டில். பங்கரைக் கீறும்போது வேகம் கூடும், அளவு பிசகாது, எத்தனை பனங்குற்றி மேலே அடுக்கினது என்றுகூட வரும். ஒரு இடத்தில் பென்சில் நிற்கும். அழித்து மறுபடி கீறுவார். அழித்த தடம் தாளில் தெரியும். அந்த நேரத்தில் வாய் திறக்காதீர்கள், கமராவை நிப்பாட்டாதீர்கள். சீலையை வெட்டித் தைத்து மண்மூட்டை செய்த கதை, எந்தச் சீலை எந்த மூட்டைக்குப் போனது என்ற கதை, எல்லாம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். அழுதால் நிப்பாட்டுங்கள். ஒப்பாரி பாடிக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். சாவில்லாத வீட்டில் அதைக் கேட்பது அழகில்லை.

அனுமதியைக் கதைக்க முதல் ஒருதரம், கதைத்த பிறகு ஒருதரம், வெட்டித் தொகுத்தபின் ஒருதரம் கேளுங்கள். நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள், யாராவது வந்து விசாரித்தால் படலையைத் திறக்க வேண்டியவர் அவர். போனில் இருப்பிடப் பதிவை நிப்பாட்டி வையுங்கள். குரலை மறைக்க வேண்டுமானால் கணினியில் தடிப்பாக்குவதை நம்பாதீர்கள், அதைத் திருப்பி எடுக்கலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதி, அதே வயதுக்காரர் வேறொருவரைக்கொண்டு வாசிப்பியுங்கள். பேச்சைத் திருத்தவேண்டாம். ‘நாங்கள் வெளிக்கிட்டம்’ என்றால் ‘நாங்கள் வெளிக்கிட்டம்’ என்றே இருக்கட்டும்.

சத்தம்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது சத்தத்தை. மங்கலான படத்தைச் சனம் பொறுக்கும், இரைச்சலைப் பொறுக்காது. வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் திறந்த வெளியில் மைக் முழுக்கக் காற்றுத்தான். உரோம உறை போட்ட சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் சட்டைக் கொலருக்குள் வைக்கிற மைக் போதும். ஒவ்வோர் இடத்திலும் ஒருவரும் கதைக்காமல் இரண்டு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். மயில், லான்ட்மாஸ்ரர், தூரத்துக் கோயில் ஸ்பீக்கர். வெட்டி ஒட்டும்போது இவைதான் கைகொடுக்கும்.

சோளகத்தையே வாத்தியமாக்கவும் ஒரு வழி உண்டு. எலெக்ரோனிக் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பீசோ வட்டம் ஒன்றை வயரோடு ரெக்கோடரில் கொழுவி, முட்கம்பி வேலியிலே டேப்பால் ஒட்டுங்கள். அது காற்றைக் கேட்காது, கம்பியின் அதிர்வைத்தான் கேட்கும். நீளமான வேலியென்றால் அடியிலிருந்து ஒரு முனகல் வரும். புல்லாங்குழலை விடலாம்.

படம் பிடிப்பது, அழுக விடுவது

போனில் 25 பிரேம் வைத்து எடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப் லைட் மினுங்காது. வெளிச்சத்தையும் போக்கஸையும் பூட்டிவிடுங்கள். ஏரோபிளேன் மோட். ஒரு ஷொட்டை ஒரு நிமிடமாவது அசையாமல் ஓட விடுங்கள். காலமை ஏழரைக்குப் பிறகும் பின்னேரம் நாலரைக்கு முதலும் வெயில் முகத்தில் அடிக்கும், அந்த நேரத்தை உள்வீட்டு வேலைக்கு வையுங்கள். குளங்கள் வற்றி அடி தெரிகிற காட்சி வேண்டுமானால் ஓகஸ்ட், செப்ரெம்பர். மாரியில் வந்தால் ஒழுங்கைகள் சேறு.

புதைப்பதையே படமாக்கும் வேலையாகச் செய்தவர் ஜப்பானியர் டொமொனாரி நிசிகாவா. 2014 யூனில், புக்குசிமா அணு உலைக்குக் கிட்ட, 35 மில்லிமீற்றர் நெகட்டிவ் சுருளை ஓர் இரவு இலைகளுக்குக் கீழே புதைத்து வைத்து எடுத்தார். அந்தச் சுருளில் விழுந்த கோடுகளும் புள்ளிகளும்தான் இரண்டு நிமிடப் படம். சுருள் வாங்க இங்கே வழியில்லை. ஆனால் உங்கள் வீட்டுப் போட்டோ ஒன்றை ஸ்ரூடியோவில் கலர்த் தாளில் பல பிரதி போட்டு, உங்கள் முற்றத்து மண் நிரப்பிய பூச்சட்டிகளில் தாட்டு, தண்ணீர் ஊற்றி வாருங்கள். வீட்டு இங்ஜெற் பிரின்ரரில் அடித்தது சரிவராது, மை கரைந்து ஓடிவிடும். கிழமைக்கு ஒரு பிரதியை எடுத்து, கழுவாமல் நிழலில் காயவிட்டு, ஒரே உயரத்தில் ஒரே வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். பல பிரதிகளை வரிசையாக அடுக்கினால் நிறம் படை படையாக இறங்குவது ஓடும். மற்றவர்களின் போட்டோவை இதற்கு எடுக்காதீர்கள், பிரதி என்றாலும் வேண்டாம். தங்கட பிள்ளையின் முகம் அழுகுவதைப் பார்க்க ஒருவருக்கும் பொறுக்காது.

தொகுப்பதும் காட்டுவதும்

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். முதலில் சத்தத்தை மட்டும் அடுக்கி, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். நின்று பிடித்தால் அதன்மேல் படத்தை வையுங்கள். சொல்வதையே காட்டாதீர்கள்: கிணற்றைப் பற்றிக் குரல் போகும்போது தாளின் வெறும் பக்கம் இருக்கட்டும், குரல் நின்ற பிறகு கிணறு வரட்டும். கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். அந்தச் செம்மஞ்சள் போனால் பிறகு என்ன இருக்கிறது? பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு எழுத்துப் போடும்போது சிங்களத்திலும் போடுங்கள்.

முதற் காட்சி படத்தில் இருக்கிறவரின் வீட்டு விறாந்தையில் நடக்க வேண்டும். லப்டொப் போதும். ‘இந்த இடம் வேண்டாம்’ என்றால் விவாதிக்காமல் வெட்டுங்கள். பிறகு சனசமூக நிலையத்தில் சின்னக் கூட்டத்துக்குக் காட்டலாம். பகிரங்கக் காட்சிக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி கேட்பார்கள். யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா 2015இலிருந்து நடக்கிறது, குறும்படங்களுக்கு அங்கே இடமுண்டு.

விழா முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கை அலுமாரிக்குள் போட்டுவிடாதீர்கள். வெட்டாத முழுப் பதிவுகளும், தாளில் கீறிய வீட்டுப் படங்களும்தான் நாளைக்குப் பெறுமதியானவை. மூலத் தாளை வரைந்தவரிடமே கொடுத்துவிட்டு நீங்கள் ஸ்கான் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒரு பிரதி கொடுக்கக் கேட்டுப் பார்க்கலாம். கோப்புப் பெயரில் ஆளின் பெயரைப் போடாமல் இடம், மாதம், வருடம் மட்டும் போடுங்கள். பெயர்ப் பட்டியலும் அனுமதிப் பதிவும் வேறு டிஸ்க்கில், வேறு வீட்டில் இருக்க வேண்டும்.